ரைம் சொல் தேடுவது காதின் வேலை

மூன்றாம் தரத்தில் ஆங்கிலம் முறையாகத் தொடங்கியதும் பிள்ளைகளின் கொப்பியில் அடிக்கடி வருகிற வேலைகளில் ஒன்று, கொடுத்த சொல்லுக்கு ரைம் சொல், அதாவது முடிவொலி ஒத்துப்போகிற சொல், எழுதுவது. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுப்பவர்களுக்கு அதே விடயம், எந்த வரி எந்த வரியோடு ரைம் ஆகிறது என்று கவிதை வரிகளின் ஓரத்தில் ஏ-பி-ஏ-பி எனக் குறிக்கிற வேலையாகத் திரும்பி வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை ரியூசனுக்குப் போனாலும் பல பிள்ளைகள் விடாமல் வைத்திருக்கிற வழி ஒன்றுதான்: கடைசி மூன்று எழுத்து ஒத்துப்போனால் ரைம். பல இடங்களில் அது சரிவந்து விடுவதால்தான் அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது கடினமாக இருக்கிறது.

ரைம் என்றால் எதுகை என்று சொல்லிக்கொடுப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தைப் பார்ப்பது. ஆங்கில ரைம் பெரும்பாலும் அடியின் முடிவில் வருவது. எங்கள் யாப்பில் அதற்குக் கிட்டவாக இருப்பது, அடிகளின் முடிவு ஒத்து வருகிற இயைபுத் தொடை. விதியைச் சொல்வதானால் இப்படி: சொல்லில் கடைசியாக அழுத்தி ஒலிக்கிற உயிரொலியிலிருந்து சொல் முடியும்வரை ஒலி ஒன்றாக இருக்கவேண்டும்; அந்த உயிரொலிக்கு முன்னால் உள்ள மெய்யொலி வேறாக இருக்கவேண்டும். கடலைக் குறிக்கிற சீயும் பார்ப்பதைக் குறிக்கிற சீயும் முழுக்க ஒரே ஒலி, ஆகவே வகுப்பு வேலையில் அவற்றை ரைம் சோடியாக எழுதக்கூடாது. சிங்கிங், ரன்னிங் இரண்டும் ‘இங்’ என்று முடிந்தாலும் ரைம் இல்லை. அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, அங்கே உயிரொலி வேறு. சிங்கிங்குக்குப் பொருந்துவது ரிங்கிங், பிரிங்கிங். ரிமெம்பர் என்ற சொல்லுக்கு செப்ரெம்பர், நவெம்பர், டிசெம்பர் மூன்றும் பொருந்தும், ஒக்ரோபர் பொருந்தாது.

தேடுகிற முறைக்கு இரவைக் குறிக்கிற நைற் என்ற சொல்லை எடுங்கள். முதல் மெய்யைக் கழற்றினால் ‘ஐற்’ மிஞ்சும். அதன் முன்னால் ஒவ்வொரு மெய்யொலியாக வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கவேண்டும்: லைற், ஃபைற், மைற், சைற். பிறகு கூட்டு மெய்கள்: ப்ரைற், ஃப்ளைற், ஸ்லைற். இந்த இரண்டாம் சுற்றைத்தான் பிள்ளைகள் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். இதுவரை வந்தவை ஐ-ஜி-எச்-ரி என்று முடிகிறவை. அடுத்து, அதே ஒலி வேறு எழுத்தில் வருமா என்று கேட்கவேண்டும். ஐ-ரி-ஈ என்று முடிகிற கைற், வைற், பொலைற், இன்வைற் எல்லாம் இதே குடும்பம். வல்வெட்டித்துறையில் பட்டம் பார்த்த பிள்ளைக்கு கைற் என்ற சொல் தெரியும். எழுத்து வேறாக இருப்பதால் மட்டும் அது பட்டியலுக்கு வராமல் போகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. உயரத்தைக் குறிக்கிற ஹைற், எடையைக் குறிக்கிற வெய்ற் இரண்டும் ஈ-ஐ-ஜி-எச்-ரி என்றே முடிகின்றன. முதலாவது நைற்றோடு சேரும், மற்றது லேற்றோடு போய்விடும்.

எங்கள் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று, ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுப்பது. வாசிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு அது உதவி போலத் தெரியும். ஆனால் நாங்கள் எழுதுகிற வழக்கில் சரி என்ற ரைற்றும் இறுக்கம் என்ற ரைற்றும் ஒன்றாகிவிடும். அது முதல் மெய்யில் வருகிற பிழை என்பதால் ரைம் கெடாது. சொல்லின் முடிவில் வருகிற பிழைதான் ரைமைக் கெடுக்கும். பந்தைக் குறிக்கிற சொல்லும் கிண்ணத்தைக் குறிக்கிற சொல்லும் தமிழெழுத்தில் இரண்டுமே ‘போல்’. பந்து, அழைத்தல், உயரம், சுவர் என்பவற்றைக் குறிக்கிற கோல், ரோல், வோல் சொற்களோடு சேரும். கிண்ணம் துளை, நிலக்கரி என்பவற்றைக் குறிக்கிற ஹோல், கோல் சொற்களோடு சேரும். பந்தைச் சொல்லும்போது தாடை இறங்கி, வட்டமான உதடு அசையாமல் நிற்கும். கிண்ணத்தைச் சொல்லும்போது உதடு போகப்போகக் குவிந்து சிறுக்கும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்தால் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

அதேமாதிரி, தமிழெழுத்தில் ‘ரைஸ்’ என்றே வருகிற இரண்டு சொற்கள். சோற்றைக் குறிப்பது ஐஸ், நைஸ் என்பவற்றோடு. எழும்புவதைக் குறிப்பது இரைச்சலோடு முடிகிற சொல். அது வைஸ் என்ற அறிவாளிச் சொல்லோடும் கண்களைக் குறிக்கிற பன்மையோடும் சேரும். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்து இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். சோற்றின் கடைசி ஒலியில் தொண்டை அதிராது, எழும்புதலில் அதிரும். அதற்கு முன்னால் உள்ள உயிரொலியும் சற்று நீளும். பையையும் முதுகையும் குறிக்கிற இரண்டு ‘பாக்’குகளுக்கும் இந்தச் சோதனையில் உயிரொலியின் நீளத்தைப் பார்த்தால் போதும். பென்சில் உச்சரிப்பை நிறுத்தி, அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்கவைப்பது எவ்வளவோ மேல்.

எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு தூரம் ஏன் என்று பிள்ளை கேட்டால் மழுப்பத் தேவையில்லை. இங்கிலாந்தில் 1476இல் அச்சு வந்தபிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. நீண்ட உயிரொலிகளோ ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை மாறிக்கொண்டே இருந்தன. ஜி-எச் குறித்த பழைய மெய்யொலியும் சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் ‘ஃப்’ ஆனது. ஓ-யு-ஜி-எச் என்ற முடிவு இவற்றின் மிச்சம். கரடுமுரடைக் குறிக்கிற ரஃப் ஸ்ரஃப்போடும், இருமலைக் குறிக்கிற கொஃப் ஒஃப்போடும், ஊடாக என்ற த்ரூ நீலத்தைக் குறிக்கிற புளூவோடும், ஆயினும் என்ற தோ கோவோடும் சேரும். நாலும் எழுத்தில் ஒன்று, ஒலியில் ஒன்றுக்கொன்று ரைம் இல்லை.

பொருள் தெரியாமல் ரைமே பார்க்கமுடியாத சொற்களும் உண்டு. கண்ணீர் என்றால் ரியர். அது காதைக் குறிக்கிற இயரோடு போகும். கிழித்தல் என்றால் ரெயார். அது கரடியைக் குறிக்கிற பெயாரோடு. ஈயம் லெட், பெட்டோடு. வழிநடத்தல் லீட், ஃபீட்டோடு. காற்று என்றால் வின்ட். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது வைன்ட், அது மைன்ட், கைன்ட் குடும்பம். பழைய கவிதைகளில் காற்று என்ற பொருளிலேயே மைன்ட்டோடு சேர்த்திருப்பார்கள், இலக்கியம் படிக்கிறவர்கள் அதைக் குழம்பாமல் ரைமாகவே குறிக்கலாம்.

கொப்பியில் சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் எழுதுவது போதாது. பி-எல்-ஐ-ஜி-எச்-ரி என்று எழுதுகிற பிளைற் என்ற சொல்லுக்கு ‘நிலைமை’ என்று எழுதிவைத்த பிள்ளை, நல்ல நிலைமைக்கும் அதைப் போட்டு வசனம் எழுதும். அது துன்பமான நிலைமைக்கு மட்டும் வருகிற சொல். சொல், அதற்கு ரைம் ஆகிற இன்னொன்று, தமிழில் ஒரு தொடராகப் பொருள், பிள்ளை தானே எழுதிய ஆங்கில வசனம் என நாலு நிரல் கீறுங்கள். நாளுக்கு ஐந்தாறு சொல் தாராளம். அகரவரிசையில் மெய்யை மாற்றிக்கொண்டு போகும்போது அகராதியில் இல்லாத சொற்களும் பிறக்கும், அவற்றை அந்த இடத்திலேயே வெட்டவேண்டும்.

இணையத்தில் ரைம் தேடித்தருகிற தளங்கள் பல அமெரிக்க உச்சரிப்பில் இயங்குகின்றன. நாங்கள் படிப்பது பிரித்தானிய வழக்கு. எழுதுவினைஞரைக் குறிக்கிற சொல் எங்கள் ஊரில் கிளாக்கர் ஆனதே அந்த வழக்கால்தான். அது டார்க், பார்க்கோடு ரைம். அமெரிக்கத் தளம் அதை வேர்க்கோடு சேர்க்கும். பொரேற்றோவும் ரொமாற்றோவும் அங்கே ரைம், இங்கே இல்லை. ஆங்கில அரிச்சுவடிப் பாட்டின் முடிவில் இஸெட் என்று நாங்கள் பாடும்போது பாட்டு தடக்குவதற்கும் காரணம் இதுதான், அது ஸீ என்று முடித்து மீயோடு சேர்த்த பாட்டு. தளத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற சொற்களும் தனித் தலைப்பில் வரும். தொலைபேசித் திரையில் அந்தத் தலைப்பைத் தாண்டிக் கீழே போய் அங்கிருந்து எழுதிவிடுவார்கள். கேள்வித்தாள் ஆயத்தம் செய்கிற ஆசிரியர்கள் மாதத்தைக் குறிக்கிற மன்த், நிறங்களில் ஒரேஞ்ச், பேர்ப்பிள், சில்வர் ஆகிய நாலையும் தவிர்த்துக்கொள்வது நல்லது. பழக்கத்தில் உள்ள எந்தச் சொல்லும் இவற்றுக்கு முழு ரைமாக வராது.