பிரஷ் கோப்புக்குள் இருக்கும் முத்திரை

திருப்பூரில் டி-சர்ட் பிரிண்டுக்குப் படம் வரைவதுதான் என் வேலை. கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் வாட்டர்கலர் பிரஷ் தொகுப்பு ஒன்றை இறக்கி, கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் ஏற்றிவிட்டு, "அண்ணா, பிரஷ் எல்லாம் வந்துருச்சுங்க, ஆனா இழுத்தா வெறும் கறுப்புப் பொட்டாத்தான் விழுகுதுங்க" என்றான். கோப்பில் ஒரு கோளாறும் இல்லை. அது ஃபோட்டோஷாப்புக்காகச் செய்த ஏபிஆர் (.abr) பிரஷ் கோப்பு. அதை கிரிட்டாவில் ஏற்றினால் பாதிதான் வரும். அது எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டால், பிரஷ் தேடுவதும் ஏற்றுவதும் பெரிய வேலையே இல்லை.

சின்ன வயதில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, மையில் தொட்டு, நோட்டில் குத்தி விளையாடியிருப்பீர்கள். தள்ளித் தள்ளிக் குத்தினால் பூப்பூவாகத் தெரியும், நெருக்கி நெருக்கிக் குத்திக்கொண்டே போனால் பூ மறைந்து பட்டையான ஒரு கோடு ஆகிவிடும். கணினியில் இருக்கும் பெரும்பாலான பிரஷ்கள் செய்வது இதைத்தான். நீங்கள் இழுப்பது கோடு மாதிரித் தெரிகிறதே தவிர, உண்மையில் ஒரு சின்னப் படம் வரிசையாக முத்திரை குத்தப்படுகிறது. கணினியில் வரையும் டிஜிட்டல் பேனா தன் இடம், அழுத்தம், சாய்வு மூன்றையும் ஒரு நொடிக்குப் பல தடவை அனுப்புகிறது. கை வேகமாகப் போனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விழும் இல்லையா, அந்த இடத்தில் மென்பொருளே ஒரு வளைகோட்டைக் கணக்கிட்டு, அதன் மேல் சீரான தூரத்தில் குத்திக்கொண்டு போகும். இந்தத் தூரத்துக்குத்தான் ஸ்பேசிங் என்று பெயர். பிரஷ் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று அதை அளப்பார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 பிக்சல் அகல பிரஷ், ஸ்பேசிங் 10 சதவீதம் என்றால் 1000 பிக்சல் நீளக் கோட்டுக்கு 100 முத்திரை. ஒரு முத்திரைக்குப் பத்தாயிரம் பிக்சல், ஆக மொத்தம் 10 லட்சம். அதே பிரஷை 1000 பிக்சலுக்குப் பெரிதாக்கினால் முத்திரை 10 போதும், ஆனால் ஒவ்வொன்றும் 10 லட்சம் பிக்சல், மொத்தம் ஒரு கோடி. அதாவது பத்து மடங்கு வேலை. பெரிய பிரஷ் ஏன் இழுக்க இழுக்கப் பின்தங்கி வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஸ்பேசிங்கை லேசாகக் கூட்டிப் பாருங்கள், உடனே வேகம் தெரியும்.

ஆக ஒரு பிரஷில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று முனைப் படம், அதாவது முத்திரையாகக் குத்தப்படும் அந்தச் சின்னப் படம். இன்னொன்று விதிகள்: அழுத்தினால் பெரிதாக வேண்டுமா, அடர்த்தியாக வேண்டுமா, ஒவ்வொரு முத்திரையும் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும், காகிதத்தின் சொரசொரப்பு நடுவில் தெரிய வேண்டுமா என்பதெல்லாம். படம் எங்கே போனாலும் படம்தான். விதிகளோ அந்தந்த மென்பொருளின் சொந்த பாஷையில் எழுதியவை. கிரிட்டா ஏபிஆர் கோப்பில் இருந்து படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது, விதிகள் வருவதில்லை. தம்பிக்குப் பொட்டு மட்டும் விழுந்தது அதனால்தான். F5 அழுத்தி பிரஷ் எடிட்டரைத் திறந்து, அந்த முனையைத் தேர்ந்தெடுத்து, ஸ்பேசிங்கைக் குறைத்து, சுழற்சிக்கு 'ஃபஸி டேப்' என்பதை வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முத்திரையும் தன்னிஷ்டத்துக்குத் திரும்ப ஆரம்பித்ததும் வாட்டர்கலர் ஓரம் மாதிரியே விழுந்தது.

ஏற்றுவது சுலபம். கிரிட்டா 5-இல் செட்டிங்ஸ் மெனுவில் 'மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ்' போய், கிரிட்டாவின் பிரஷ் தொகுப்பான .bundle கோப்பை இம்போர்ட் செய்தால் போதும். ஃபோட்டோஷாப்பில் பிரஷ் பேனலின் மெனுவிலேயே இம்போர்ட் இருக்கிறது. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் கோப்பை பிரஷ் ஃபோல்டரில் போட்டுவிட்டு ரிஃப்ரெஷ் செய்யுங்கள். பிரஷ் என்று சொல்லி .exe கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள், முனைப் படத்துக்கும் விதிகளுக்கும் இன்ஸ்டாலர் எதற்கு?

தேடும்போது முதலில் உங்கள் மென்பொருளுக்கென்றே செய்ததைத் தேடுங்கள். கிரிட்டாவுக்கு பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவா தன் பிரஷ்களை இலவசமாகவே கொடுக்கிறார். ஃபோட்டோஷாப் சந்தாதாரர்களுக்கு பிரஷ் செய்வதில் பேர்போன ஓவியர் கைல் வெப்ஸ்டரின் பெரிய தொகுப்பு கூடவே கிடைக்கும், ஃபோட்டோஷாப்பின் நிறுவனமான அடோபி 2017-இல் அதை வாங்கிவிட்டது. அப்புறம் உரிமத்தைப் படியுங்கள். விற்கிற துணியில் அச்சாகப் போகிற படத்துக்கு வணிகப் பயன்பாடு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். எங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒன்று மை விழும், இல்லை விழாது, பாதி மை என்பது கிடையாது. மங்கலான ஓரமுள்ள பிரஷில் வரைந்தால் அதைப் புள்ளிப் புள்ளியாக மாற்றித்தான் அச்சடிக்க முடியும், அதனால் நான் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும் பிரஷ்களையே தேடுவேன்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பிரஷ் எங்கும் கிடைக்காதது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தேங்காய் மட்டையை நசுக்கி நார் நாராக்கி வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு மட்டையை இந்தியன் இங்க்கில் லேசாகத் தொட்டு, வெள்ளைத் தாளில் ஒரே ஒரு தடவை ஒற்றி எடுத்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். முதல் முயற்சியில் ஒவ்வொரு முத்திரையைச் சுற்றியும் மங்கலாக ஒரு சதுரம் தெரிந்தது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த தாள் ஸ்கேனில் இளம் சாம்பல், அந்தச் சாம்பலையும் மென்பொருள் மையாகவே எடுத்துக்கொண்டது. படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளையை முழு வெள்ளையாக்கி, மட்டைத் தடம் படத்தின் விளிம்பில் முட்டாதபடி நான்கு பக்கமும் இடம் விட்டதும் சரியாகிவிட்டது. ஃபோட்டோஷாப் என்றால் எடிட் மெனுவில் 'டிஃபைன் பிரஷ் ப்ரீசெட்', கிரிட்டாவில் பிரஷ் எடிட்டரிலேயே 'ஸ்டாம்ப்' பட்டன்.

ஐபேடில் புரோகிரியேட் வைத்திருப்பவர்கள் மட்டும் படத்தின் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே வெள்ளைதான் மை. அப்படியே ஏற்றினால் மட்டை வரையாது, மட்டையைச் சுற்றியிருந்த தாள்தான் வரையும்.