விடைக்காகக் காத்திருக்கும் 14 விநாடிகள்

ஒரு கேள்வி காதில் விழுகிறது. விடை தெரிந்ததுபோலவும் இருக்கிறது, பிடிபடாமல் நழுவவும் செய்கிறது. முழுக்கத் தெரிந்த விஷயம் நம்மை அவ்வளவாக இழுப்பதில்லை. அறவே தெரியாததும் அப்படித்தான். அரைகுறையாகத் தெரிந்ததுதான் மனத்தைக் குடைகிறது. அந்தக் குடைச்சலின்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபர், பெர்னார்ட் கெல்மன், சரண் ரங்கநாத் ஆகியோர் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. பொது அறிவுக் கேள்வி ஒன்று திரையில் வரும். விடைக்கு 14 விநாடிகள் காத்திருக்க வேண்டும். இடையில், கேள்விக்குத் தொடர்பே இல்லாத யாரோ ஒருவரின் முகம் தோன்றி மறையும். ஆவலைத் தூண்டிய கேள்விகளின் விடைகள் நன்றாக நினைவில் நின்றன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆவல் பொங்கிய நேரத்தில் குறுக்கே வந்த முகங்களும் கூடுதலாகப் பதிந்திருந்தன! கதவைத் திறந்தால் அழைத்தவர் மட்டுமா உள்ளே வருகிறார்?

கதவைத் திறப்பது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள். நடுமூளையில் இதைச் சுரக்கும் செல்கள், உணவும் பரிசும் கிடைக்கப்போகும்போது விழித்துக்கொள்பவை. அறிவுப் பசிக்கும் அதே செல்கள்தான் விழிக்கின்றன. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸுக்கு அவற்றின் இழைகள் செல்கின்றன. அங்கே சேரும் டோபமைன், நரம்புச் செல்களுக்கு இடையே புதிதாக உருவான இணைப்பு கலைந்துவிடாமல் உறுதிப்பட உதவுகிறது. அதனால்தான், எதையும் தேடிப் பார்ப்பதற்கு முன் விடையை ஊகித்துப் பார்த்து ஆவலைத் தூண்டிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஊகம் தவறினாலும், பிறகு அறியும் சரியான விடை ஆழமாகப் பதிகிறது.

இப்படி ஆண்டுக்கணக்கில் கற்றதெல்லாம் மூளைக்குச் சேமிப்பாகிறது. 1988இல் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்து மறைந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு மருத்துவர்களைத் திகைக்கவைத்தது. பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் நோயின் படிவுகள் இருந்தும், அவர்கள் கடைசிவரை தெளிவாகவே இருந்திருக்கிறார்கள். பழுதைத் தாங்கும் இந்த வலிமையை இன்று 'அறிதிறன் இருப்பு' என்கிறோம். கல்வியும், மூளைக்கு வேலை தரும் தொழிலும் பொழுதுபோக்கும் இதை வளர்ப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றை நோக்கி நம்மைத் தள்ளும் விசைகளில் ஆவலும் ஒன்று.

1996இல் வெளியான மற்றோர் ஆய்வு, 2,000க்கும் மேற்பட்ட முதியவர்களை ஐந்தாண்டுகள் கவனித்தது. அந்தக் காலம் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள், தொடக்கத்திலேயே அதிக ஆவல் உடையவர்களாக இருந்தார்கள்.

இங்கே நிதானம் தேவை. ஆவல் மூளையைக் காக்கிறதா, நலமான மூளைதான் ஆவலோடு இருக்கிறதா? இரண்டும் நடக்கலாம். அல்சைமர் நோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று, எதிலும் நாட்டமின்மை. மறதி வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பேகூட அது தலைகாட்டலாம். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எதையும் கேட்காமல் போனால், வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. மனச்சோர்வோ வேறு நோயோ காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.