கேலஸ்: 'காய்ப்பு' வேண்டாம், 'திசுத்திரள்' போதும்

எண்ணெய்ப்பனைத் திசு வளர்ப்பைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் பலரிடம் 'காய்ப்பு உண்டாக்குதல்', 'காய்ப்பு ஊடகம்', 'காய்ப்பு வீதம்' என்ற தொடர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. குடுவையில் உருவமெடுக்காமல் பெருகும் திசுவை ஆங்கிலத்தில் கேலஸ் (callus) என்பார்கள், அதற்குத்தான் இந்தக் காய்ப்பு. இந்தப் பெயர்ப்பை அப்படியே பின்பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: 'எண்ணெய்ப்பனையில் காய்ப்பு குறைந்தால் 2,4-டி அளவைக் கூட்டவும்.' ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கு இதன் பொருள் தெரியும். தோப்பு வைத்திருப்பவர் படித்தால், குலை குறைந்த மரத்துக்கு 2,4-டி கொடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். 2,4-டி ஒரு களைக்கொல்லி. இளம் மரத்தின் குருத்தில் பட்டால் குருத்து முறுக்கிக்கொண்டு வரும். ஒரு கலைச்சொல் இந்த அளவுக்குப் போய் நிற்கிறது என்றால், அதைத் திருத்தாமல் விடக்கூடாது.

சொல்லின் பிறப்பு எளியது. இலத்தீனில் கல்லுஸ், கல்லும் என்றால் தடித்து இறுகிய தோல். அதிலிருந்து மருத்துவத்துக்குப் போய், முறிந்த எலும்பு கூடும் இடத்தில் உண்டாகும் புதுத்திசுவுக்கும் பெயரானது. தாவரவியலார் வெட்டுக்காயத்தை மூடி வளரும் திசுவுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். 1939இல் பிரான்சில் கோத்ரே, நொபேகூர், அமெரிக்காவில் ஒயிட் ஆகிய மூவரும் இத்தகைய திசுவைக் கண்ணாடிக் குடுவையில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார்கள். அப்போதும் பழைய பெயரே நீடித்தது. இன்று திசு வளர்ப்பில் கேலஸ் என்றால், இலை, தண்டு, வேர் என்ற எந்த உருவமும் எடுக்காமல் பெருகிக்கொண்டே போகும் செல்களின் கூட்டம். இறுக்கம் என்ற பழைய பொருள் சொல்லின் வரலாற்றில் தங்கிவிட்டது, பொருளில் இல்லை.

காய்ப்பு என்று போட்டவர்கள் இந்த வரலாற்றைத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகிறது, அது காய்ப்பு. இலத்தீனிலும் அதே பொருள். ஆகவே பொருத்தம் என்று முடித்துவிட்டார்கள். அகராதியளவில் அது சரிதான். ஆனால் காய்த்தல் என்ற வினை தமிழில் முதலில் மரத்துக்குரியது. மா காய்க்கிறது, தென்னை காய்க்கிறது, பனை காய்க்கிறது. காய்க்கும் பயிர் ஒன்றைப் பற்றிய நூலில், காயோடு தொடர்பே இல்லாத ஒரு பொருளுக்கு இந்தச் சொல்லை வைத்தால், பத்திக்குப் பத்தி வாசகர் நின்று எந்தக் காய்ப்பு என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. காய்ப்பு என்ற சொல் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. குடுவையில் வருவது எப்போதும் கெட்டியானதில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேலை நடக்கும் முறையைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்ப்பனைக்குக் (மலேசியத் தமிழர் செம்பனை என்பார்கள், அழகான சொல்) கிளை கிடையாது, பக்கக்கன்றும் கிடையாது. உச்சியில் ஒரே வளர்முனை. அதனால் நல்ல மரம் ஒன்றைப் பதியம் போட்டோ ஒட்டுக்கட்டியோ பெருக்க முடியாது. திசு வளர்ப்புதான் வழி. குருத்தின் உள்ளே இன்னும் விரியாத, வெளிச்சம் படாத வெள்ளை இலைகளை எடுத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் துண்டங்களாக நறுக்கி, ஊடகத்தில் (திசுவுக்கு உணவாகும் கலவையில்) வைத்து, 27 டிகிரி வெப்பத்தில் இருட்டில் விடுகிறார்கள். ஊடகம் பெரும்பாலும் முராஷிகேயும் ஸ்கூகும் 1962இல் வகுத்த உப்புக் கலவை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, உறையவைக்க 7 அல்லது 8 கிராம் அகார், அமில காரக் குறியீடு 5.7ஐ ஒட்டி. இதோடு செல் பெருக்கத்தைத் தூண்ட 2,4-டி போன்ற ஆக்சின் (வளர்ச்சி ஊக்கி). களைக்கொல்லியான அதே 2,4-டிதான், சிறு அளவில்.

ஆக்சின் அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெட்டுவாயிலிருந்து கசியும் பீனால்கள் துண்டத்தைக் கருக்கிவிடும் என்பதால் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை செயலூட்டிய கரி சேர்ப்பதுண்டு. கரி பீனாலை மட்டும் பிடிப்பதில்லை, 2,4-டியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கரியுள்ள ஊடகத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரைகூட 2,4-டி போடுகிறார்கள். கரியில்லாத ஊடகத்தில் சில மில்லிகிராமே போதும். ஒரு செய்முறையிலிருந்து கரியையும் இன்னொன்றிலிருந்து ஆக்சினையும் எடுத்துக் கலந்தால், ஒன்று துண்டம் செத்துப்போகும், அல்லது அசையாமல் கிடக்கும்.

சரியாக அமைந்தால் மூன்று மாதத்துக்குப் பிறகு, பல சமயம் ஆறு மாதம் கழித்தும், இலைத் துண்டத்தின் நரம்பையொட்டி வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறு முண்டுகள் தெரியும். முதலில் வருவது நெருக்கமானது, மெல்ல வளர்வது. அதிலிருந்து சில சமயம் மணல்போல் உதிரும் இன்னொரு வகை கிளம்பும். இடுக்கி பட்டாலே பிரிந்துவிடும். இன்னும் ஒரு வகை நீர்கோத்து, கண்முன்னே குடுவையை நிறைக்கும். மூன்றும் கேலஸ்தான். உதிர்வதையும் நீர்கோத்ததையும் காய்ப்பு என்று எப்படிச் சொல்வது?

வேறு இரண்டு பெயர்ப்புகளும் புழங்குகின்றன. தழும்பு என்பது ஆறிப்போன காயத்தின் அடையாளம். வளர்ச்சி நின்ற இடம். பெருகிக்கொண்டிருக்கும் திசுவுக்கு அது நேர் எதிர். கட்டி என்றால் நோய் என்ற எண்ணம் வரும். பாக்டீரியாவால் செடியில் வரும் கட்டிநோய் தனியே இருப்பதால் அந்தக் குழப்பம் உண்மையானது. இவற்றையெல்லாம்விட, பள்ளிப் பாடநூல்கள் எழுதும் கேலஸ் எவ்வளவோ மேல். பொருளைத் திரிக்காத கடன்சொல், திரிக்கும் தனித்தமிழைவிட நல்லது.

ஆனாலும் நமக்குச் சொல் இருக்கும்போது கடன் எதற்கு? திரள். வெண்ணெய் திரள்கிறது என்கிறோம்: மோரில் பரவிக் கிடந்தது, இன்ன உருவம் என்றில்லாமல் ஒன்றுகூடிப் பருக்கிறது. கேலஸ் செய்வதும் அதைத்தான். திரளுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, இளகியதாகவும் இருக்கலாம். திசுத்திரள் என்றால் வேறு எதுவும் நினைவுக்கு வராது. மக்கள்திரள் இருக்கிறதே என்பார்கள். முன்னால் திசு நிற்கும்போது அந்த மயக்கம் எங்கே வரும்?

திரளின் பெரிய பலம் அது வினையாகவும் இயங்குவது. துண்டம் திரண்டது, திரளாத துண்டங்களைக் கழித்துவிடு, திரளும் வீதம் குறைவு என்று இயல்பாக எழுதலாம். கேலஸை வைத்து இப்படி எழுத முடியாது. ஒவ்வொரு முறையும் 'கேலஸ் உருவாக்கம் நிகழ்ந்தது' என்று நீட்ட வேண்டும். வகைகளுக்கும் பெயர் தானே கிளைக்கிறது: இறுகிய முண்டாக நிற்பது இறுகுதிரள், பிரிந்து உதிர்வது உதிர்திரள், கட்டின்றிப் பெருகுவது விரைதிரள், கருவுருக்களை (கன்றாக வளரக்கூடிய கருப்போன்ற உருக்களை) ஈனக்கூடியது கருத்திரள்.

இந்த வகைப் பெயர்கள் எண்ணெய்ப்பனைக்கு அவசியமானவை. எண்ணெய்ப்பனையின் திசுக்கன்றுகளில் சில, பூக்கத் தொடங்கியதும் கோளாறு காட்டும். மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலகம் போன்ற உறுப்புகள் வளர்ந்து காயைப் போர்த்திக்கொள்ளும். போர்வைக்காய் என்று சொல்லலாம். கடுமையானால் குலையே உதிர்ந்துபோகும். 1980களில் இது வெளிப்பட்டபோது உலகம் முழுக்கத் திசுக்கன்று உற்பத்தி ஆட்டம் கண்டது. பிரெஞ்சு ஆய்வாளர்களின் ஒப்பீட்டில், இறுகுதிரளில் இருந்து வந்த கன்றுகளில் சுமார் 5 சதவீதம்தான் கோளாறு. விரைதிரளில் இருந்து வந்தவை ஏறக்குறைய முழுவதும் கோளாறு. 2015இல் மலேசிய ஆய்வாளர்கள் காரணத்தின் இருப்பிடத்தைக் காட்டினார்கள்: பூவுறுப்பை ஆளும் ஒரு மரபணுவுக்குள் இருக்கும் கர்மா என்ற தாவும் துண்டு (இடம் மாறக்கூடிய டிஎன்ஏ துண்டு) தன்னை அடக்கி வைத்திருக்கும் மெத்தில் என்ற வேதிப் பூட்டை இழந்துவிடுகிறது.

இதையே காய்ப்பு என்ற பெயர்ப்பில் எழுதினால், 'வேகமாக வளரும் காய்ப்பு காய்ப்பைக் கெடுக்கும்' என்று வரும். யாருக்கு விளங்கும்?

குறை மொழியில் இல்லை. பெயர்ப்பவர் குடுவையைப் பார்ப்பதில்லை, அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார். திசு வளர்ப்பைத் 'திசு கலாச்சாரம்' என்று எழுதும் பக்கங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. திசுவைப் புது ஊடகத்துக்கு மாற்றும் மறுவளர்ப்பைத் 'துணைக் கலாச்சாரம்' என்கிறார்கள். குடுவைக் கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்குவதைக் 'கடினப்படுத்துதல்' என்கிறார்கள். கன்றைக் கடினமாக்கிவிட்டால் அது எப்படி வளரும்? பழக்குதல் என்ற சொல் உழவர் வாயில் இருக்கிறதே. இவை தூய்மை பற்றிய சண்டைகளில்லை. வேலை செய்கிறவர் ஒருமுறை படித்துக் கையை நகர்த்த முடிகிறதா என்பதே கேள்வி.

ஆகவே குடுவைச் சீட்டிலிருந்தே தொடங்கலாம். தாய்மர எண், துண்டம் வைத்த நாள், எத்தனையாவது மறுவளர்ப்பு என்பவற்றோடு, இறுகுதிரளா, உதிர்திரளா, விரைதிரளா என்பதையும் எழுதுங்கள். விரைதிரள் என்று எழுத நேர்ந்தால் அந்தக் குடுவையைப் பெருக்காமல் ஒதுக்குங்கள். கோளாறு தெரிவது நட்டு இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பூக்கும்போதுதான். அன்று பின்னோக்கித் தேட அந்தச் சீட்டு ஒன்றே இருக்கும்.