பழகிவிடும் என்று சொல்லாதீர்கள், காது பழகாது

கோடைகாலத் தேர்த் திருவிழாக்களின் மிச்சம் இன்னும் என் கிளினிக்குக்கு வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் நவராத்திரிக்கான வாணி விழா ஒத்திகைகள் தொடங்கிவிட்டன. லண்டனில் எங்கள் ஆட்கள் நிறைய வாழும் பகுதியில் செவிப்புலன் சோதனை செய்வது என் தொழில். இந்த மாதங்களில் யார் எதற்காக வருவார்கள் என்பதை அன்றைய பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். அண்மையில் வந்தவள் 14 வயது நடனப் பிள்ளை. ஒரு விழாவில் தன் முறை வரும்வரை மாலை முழுக்க மேடை ஓரத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். வாரங்கள் கழிந்தும் வலது காதில் கூவல் நிற்கவில்லை. படுத்தால் இன்னும் பெரிதாகக் கேட்கிறது, நித்திரை இல்லை. கூட வந்த அம்மம்மா அவளுடைய முதுகைத் தடவி, "ஒண்டுமில்லை பிள்ளை, போகப் போகப் பழகீடும்" என்றார்.

அம்மம்மாவைக் குறை சொல்லவில்லை. கோயில் நிர்வாக சபையில் இருக்கும் படித்த அண்ணன்மாரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

காது பழகாது. தவில்காரரின் கை காய்த்துப்போகும், ஆடுகிற பிள்ளையின் குதிகால் உரமேறும். உட்காதில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒரு காதின் நத்தைச்சுருளுக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன, அவ்வளவுதான் வாழ்நாள் கையிருப்பு. மனிதரில் அவை திரும்ப முளைப்பதில்லை. "முதல் வருசம் மேளத்துக்குப் பக்கத்திலை இருக்கேலாமல் இருந்தது, இப்ப ஒண்டும் தெரியிறேல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் எனக்குப் பகீரென்கிறது. ஒன்றில் மனம் அந்தச் சத்தத்தைக் கவனிப்பதை நிறுத்தியிருக்கிறது, அல்லது கேட்கும் திறனே குறைந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் சேதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த வாதம் ஒன்று உண்டு: "அண்டைக்கு இரவு காது அடைச்சது, விடியச் சரியாயிட்டுது." அடைப்பு விலகியது உண்மைதான். ஆனால் அது காது தந்த எச்சரிக்கை. 2009இல் எலிகளில் செய்த ஆய்வொன்றில், சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது, மயிரணுக்களும் தப்பியிருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் சில இடங்களில் பாதிவரை அழிந்து போயிருந்தது. மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று இன்னும் வாதம் நடக்கிறது. வாதம் முடியும்வரை உங்கள் பிள்ளையின் காதில் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

வலிக்கவில்லையே என்பார்கள். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபெல். காதில் வலி தொடங்குவது ஏறத்தாழ 120 டெசிபெலுக்கு மேல்தான். சேதம் 85இலேயே தொடங்குகிறது. 85இல் நாளுக்கு எட்டு மணி நேரம்வரைதான் இருக்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி. தவிலுக்குப் பக்கத்தில் நான் மீட்டரைப் பிடித்த இடங்களில் எல்லாம் 100ஐ எளிதாகத் தாண்டியிருக்கிறது. தேர் அன்று மேளம் எத்தனை மணி நேரம் ஒலிக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மங்கல வாத்தியம் காதைக் கெடுக்காது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான ஓடியோகிராமைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஊரில் இதே மேளம்தானே, அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். ஆகியிருக்கிறது, யாரும் சோதிக்கவில்லை. ஆனால் வேறுபாடும் உண்டு. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கான வாத்தியங்கள். நல்லூரில் 25 நாள் திருவிழாவில் சத்தம் வீதியில் கலந்து போய்விடும். இங்கே நாம் கும்பிடுவது பழைய தேவாலயத்திலும் தொழிற்பேட்டைக் கிடங்கிலும். தாழ்ந்த கூரை, வெறும் சுவர், வழுக்கும் தரை, போன சத்தம் அப்படியே திரும்பி வருகிறது. அதற்குள் நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கிறார்கள். எதற்கு ஐயா? நான்கு தெரு தள்ளிக் கேட்பதற்காகவே செய்த வாத்தியம் அது. தீபாராதனை நேரத்தில் மோட்டார் பூட்டிய மணி முரசு இயந்திரமும் சேர்ந்துகொள்ளும். அதன் நேர் கீழே, கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு அப்பா நிற்பார். சாமி நன்றாகத் தெரிகிற இடம் அது.

வாணி விழா மண்டபங்களில் கதை வேறு. அங்கே குற்றவாளி ஸ்பீக்கர். சனம் கதைத்துக்கொண்டிருக்கிறது, பாட்டுக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறார்கள். சனம் அதைவிடச் சத்தமாகக் கதைக்கிறது. இன்னும் கூட்டுகிறார்கள். சவுண்ட் போடும் தம்பியின் காது வருடக்கணக்கில் அடிபட்டிருந்தால், தனக்குத் தெளிவாகக் கேட்கும்வரை கீச்சுச் சத்தத்தைத்தான் ஏற்றுவார். என் அனுபவத்தில் விழா சவுண்ட் போடுபவர்களில் ஒருமுறையாவது காதைச் சோதித்தவர்கள் மிகக் குறைவு.

சத்தத்தால் வரும் கேட்கும் திறன் குறைவு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது கீச்சு ஒலிகளில்தான் ஓடியோகிராமில் முதலில் பள்ளம் விழுத்தும். ஸ், ஃப் போன்ற சன்னமான மெய்யொலிகள் முதலில் தேயும். அதனால்தான் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள்: "சத்தம் கேக்குது, கதைக்கிறதுதான் விளங்கேல்லை." கலைஞர்களுக்கு இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சிலருக்கு ஒரே சுரம் இரு காதிலும் இரு வேறு சுருதியாகக் கேட்கத் தொடங்கும். நாதஸ்வரக்காரருக்கு அது வந்தால் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றிப் பார்ப்பார், குழலான உலவை மாற்றிப் பார்ப்பார், சுருதிப் பெட்டியைச் சந்தேகிப்பார். காதைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

நிர்வாக சபையினருக்கு ஒரு சட்ட விஷயம். பிரித்தானியாவில் வேலையிடச் சத்தத்துக்கான 2005ஆம் ஆண்டு விதிகள் 2008இலிருந்து இசைத் துறைக்கும் பொருந்துகின்றன. சராசரி 80 டெசிபெலைத் தொட்டால் வேலை செய்பவருக்கு விளக்கம் சொல்லி, கேட்டால் காதடைப்பானும் கொடுக்க வேண்டும். 85இல் அதை அணிவது கட்டாயம். லண்டனின் இசைநாடக அரங்கான ராயல் ஒப்பரா ஹவுஸில் 2012இல் நடந்த ஒத்திகையில், ட்ரம்பெட் வரிசைக்கு முன்னால் அமர்ந்திருந்த வயோலாக் கலைஞர் ஒருவர் காது பாதிக்கப்பட்டு வழக்குப் போட்டார். 2018இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, 2019இல் மேல்முறையீட்டிலும் ஒப்பரா ஹவுஸ் தோற்றது. கூலி கொடுத்துக் கூப்பிடும் மேளக்காரருக்கும் காது இருக்கிறது. பார்க்க வருகிறவர்களை அந்த விதிகள் காப்பதில்லை. அவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஓர் அளவு சொன்னது: எந்தக் கால் மணி நேரத்தை எடுத்தாலும் சராசரி 100ஐத் தாண்டக் கூடாது. ஒலி ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியை எழுதி வாங்குங்கள், செலவே இல்லை.

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்? முதலில் பஞ்சை எறியுங்கள். பஞ்சும் கசக்கிய டிஷ்யூவும் காதை அடைத்த உணர்வைத் தரும், சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. கைக்குழந்தைக்குக் காதுக்குள் எதையும் வைக்காதீர்கள், காதை முழுதாக மூடும் சின்ன இயர் டிஃபென்டர் 20 பவுண்டு அளவில் கிடைக்கிறது. குழந்தை அதைப் பிடுங்கி எறிந்தால் வெளியே கொண்டு போங்கள். அம்மன் கோபிக்க மாட்டா. ஆடும் பிள்ளைகளை ஸ்பீக்கருக்கு 3 மீட்டருக்குள் காக்க வைக்காதீர்கள். நடன ஆசிரியைமாரே, ஒப்பனை அறையில் இருந்து அவர்களை வரிசைப்படி கூப்பிட்டால் போதும், அரை மணிக்கு முன்பே மேடையோரத்தில் நிறுத்தத் தேவையில்லை. சத்தம் எவ்வளவு என்று அறிய மீட்டர் இல்லாவிட்டால், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரோடு கத்தாமல் கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் 85 பக்கம் வந்தாயிற்று. ஐபோனில், வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையோஷின் மீட்டர் செயலி இலவசம்.

கலைஞர்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஃபோம் பிளக் போட்டால் கீச்சு ஒலிகள் மங்கி வாத்தியமே வேறாகக் கேட்கும், அதனால்தான் உங்களுக்கு அதில் வெறுப்பு. எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் பிளக் இருக்கிறது, சாதாரணமானது 20 பவுண்டுக்குள். காதின் அச்செடுத்துச் செய்வது 150க்கு மேல் போகும், ஒரு கச்சேரிச் சம்பளத்தில் முடிகிற காரியம். மேளச்சமா எனும் மேளக் கச்சேரி என்றால் நானும் முன்வரிசையில்தான் இருப்பேன், பிளக்கோடு. தனி ஆவர்த்தனத்தின் ஒரு சொல்லும் தவறுவதில்லை.

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ கேட்காமல் போனால் குறும்பி என்று நினைத்து நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். 30 நாளுக்குள் நடந்ததென்றால் 24 மணி நேரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ வழிகாட்டல். ஸ்டீராய்டு கொடுப்பதென்றால் முந்தினால்தான் பயன். ஜிபி எனும் குடும்ப மருத்துவரின் வரவேற்பறையில் "காது அடைச்சிருக்கு" என்று சொன்னால் இரண்டு வாரம் தள்ளிப் போடுவார்கள். "நேற்றிலிருந்து ஒரு காது திடீரென்று கேட்கவில்லை" என்று சொல்லுங்கள்.

மேளக்காரர், நட்டுவனார், சவுண்ட் போடுபவர், வாரம் முழுக்கச் சலங்கைக்கு நடுவில் நிற்கும் ஆசிரியை, எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை ஓடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். விழாவுக்கு மறுநாள் காலையில் மட்டும் வராதீர்கள். ஒரு முழு நாளாவது காது ஓய்ந்திருந்தால்தான் கிடைக்கும் முடிவை நம்பலாம்.