ஹோனிங் முடிந்தது, பிளாக்கைக் கழுவினீர்களா?

போன வாரம் மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பட்டறைக்கு இழுவை வண்டியில் வந்து சேர்ந்தது. என்ஜினை முழுக்கப் பிரித்துச் சேர்த்து 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம். "புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங், எல்லாம் போட்டாச்சு அண்ணே. அப்புறம் ஏன் தட்டுது?" என்றார் உரிமையாளர்.

என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை இறக்கி பேரிங் மூடியைக் கழற்றினேன். ஷெல் என்கிற பேரிங் தகடு முழுக்கக் கோடு கோடாகக் கீறல். அதன் மெத்தென்ற உலோகத்துக்குள் நறநறவென்று பொடி புதைந்திருந்தது. ஹோனிங் என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கல்லால் தேய்த்து நுண்ணிய கோடுகள் போடுவது. அந்தக் கல்லிலிருந்து உதிர்ந்த பொடிதான். அவ்வளவு செலவு செய்தும், சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடலான பிளாக்கை யாரும் ஒழுங்காகக் கழுவவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அது பிசுக்கை எடுக்கும். பொடி ஹோனிங் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ், இவைதான் வேண்டும். கழுவியபின் வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு சிலிண்டரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடியும் கழுவுங்கள். எண்ணெய் ஓடும் துவாரங்களின் அடைப்புத் திருகுகளையும் கழற்றி, நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் துவாரங்களுக்கும் இதே வேலைதான். முடிந்ததும் காற்றடித்து, உடனே எண்ணெய் பூசுங்கள். ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்து பூசலாம் என்று போனேன். சிங்கப்பூர் ஈரக்காற்றுக்கு அந்த நேரம் போதும், திரும்பி வந்தபோது சிலிண்டர் காவி கட்டியிருந்தது.

மெயின் பேரிங் மூடிகளைக் கலந்துவிடாதீர்கள். அவற்றைப் பிளாக்கோடு சேர்த்தே கடைந்திருப்பார்கள். இடம் மாறினால் கிராங்க் இறுகும். எண் இல்லையென்றால் கழற்றும் முன்பே குறியிடுங்கள்.

சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் நின்றுவிட்டது. பழைய என்ஜின்களில் வால்வு உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். பிளாக்கின் மேல் மூடியான ஹெட் எப்படியும் வெளியில்தான் இருக்கிறது, எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான சீட் போட்டுவிடுங்கள். பிளாக் விரிசல் விட்டிருந்தால் எங்கோ கிடைத்த வேறொன்றை அவசரப்பட்டு மாட்ட வேண்டாம். என்ஜின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருக்கிறது, முதலில் அனுமதி வாங்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றுங்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் புதிது என்றால், கிளம்பியதும் சுமார் 20 நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடவிட்டு ரசிப்பதெல்லாம் அப்புறம். பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் வருஷத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் பேரிங்கிலிருந்து எண்ணெய் கீழே வடிந்துபோய் நிற்கும் வண்டி அது. நெடுநாள் கழித்து எடுக்கும்போதும் பிளக்கைக் கழற்றிச் சுற்றுவது நல்லது.

மோரிஸின் கிராங்கை 0.010 அங்குலம் குறைத்துக் கடையக் கொடுத்திருக்கிறேன். ஷெல்லும் அதே அளவில் வர வேண்டும். "இந்தத் தடவை பிளாக்கை நானே கழுவறேன்" என்று உரிமையாளர் சனிக்கிழமை வருகிறார். பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன்.