மருந்து ரத்தத்தை விட்டுப் போய்விட்டது, செல்லை விட்டுப் போனதா?

வாய்ப்புண்ணுக்குத் தடவ ஜெல் வேண்டும் என்று எங்கள் மருந்தகத்துக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வாயைத் திறந்து பேசவே சிரமப்பட்டார், தண்ணீர் பட்டாலும் எரிகிறது என்றார். ஜெல்லை எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது சுலபம். "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதில் மூட்டுவாதத்துக்கு எழுதிய மெத்தோட்ரெக்சேட் இருந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. வீட்டில் யாரோ மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் தினமும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், ஒன்பது நாட்களாக. உடனே அவருடைய மருத்துவரிடம் பேசி அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினோம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் நன்றாகக் குறைந்திருந்தன. பிழைத்துவிட்டார்.

அப்போது என் பக்கத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி நின்றிருந்தார். மெத்தோட்ரெக்சேட் எந்த நொதியைத் தடுக்கும் என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்று சொல்லக்கூடியவர்தான். ஆனால் அந்த நொதிக்கும் எதிரே நிற்கும் அம்மாவின் வாய்ப்புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். உயிர்வேதியியலை ஒரு பாடமாகவும் மருந்தியலை வேறொரு பாடமாகவும் நடத்திவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலையை மாணவர் தலையிலேயே போட்டுவிடுகிறோம். முதல் வருடப் பரீட்சை முடிந்ததும் உயிர்வேதியியலும் செல் உயிரியலும் மூட்டை கட்டிப் பரணுக்குப் போய்விடுகின்றன. அந்த மூட்டையைக் கீழே இறக்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டையே முழுதாகப் பார்த்துவிடுவோம். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அது தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்க வேண்டும், அதற்குத் தைமிடிலேட் என்ற கட்டுமானப் பொருள் வேண்டும், தைமிடிலேட்டைச் செய்ய ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேண்டும். ஒவ்வொரு முறை தைமிடிலேட் உண்டாகும்போதும் ஃபோலேட் டைஹைட்ரோஃபோலேட் ஆகிவிடும். அந்த வடிவத்தில் அது எதற்கும் பயன்படாது. அதைத் திரும்ப டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாற்றிக் கொடுப்பதுதான் நம் நொதியின் வேலை. மெத்தோட்ரெக்சேட் வந்து அந்த நொதியில் உட்கார்ந்துகொண்டால் செல்லால் புதிய டிஎன்ஏ செய்ய முடியாது. எந்த செல்லுக்கு இது முதலில் வலிக்கும்? ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்லுக்கு. எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், வாயின் உள்தோல். வாயின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. பழைய செல் உதிர்கிறது, புது செல் வரவில்லை, புண் ஆகிவிடுகிறது. மஜ்ஜையில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, வாயில் நடப்பது தெரியும். அதனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்கு வாய்ப்புண் என்றால் எனக்கு மஜ்ஜையின் ஞாபகம்தான் முதலில் வரும். (1948இல் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், மெத்தோட்ரெக்சேட்டின் முன்னோடியான அமினோப்டெரினைக் கொடுத்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நோயைக் கொஞ்ச காலமாவது தணித்துக் காட்டியதும் இதே கணக்கில்தான்: அங்கே ஓயாமல் பிரிந்துகொண்டிருந்தது புற்றுசெல்.)

சரி, ஏன் வாரத்துக்கு ஒருமுறை? இந்த மருந்து ரத்தத்தில் தங்குவது சில மணி நேரம்தான். ஆனால் செல்லுக்குள் போனதும் செல் அதன் வாலில் குளூட்டமேட் என்ற அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடுகிறது. ஃபோலேட்டை உள்ளேயே தக்கவைத்துக்கொள்ள செல் வழக்கமாகச் செய்யும் காரியம் அது, மருந்தையும் ஃபோலேட் என்று நினைத்து அதற்கும் செய்கிறது. வால் நீண்ட மருந்தால் செல்லைவிட்டு எளிதில் வெளியே வர முடியாது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு 'வாரம் ஒருமுறை' என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய விதியாக இருக்காது. முறிமருந்தாக ஃபோலிக் அமிலம் போதாது, ஃபோலினிக் அமிலம்தான் வேண்டும் என்பதும் இங்கிருந்தே வருகிறது. ஃபோலிக் அமிலம் பயன்படும் வடிவத்துக்கு மாற அடைபட்டுக் கிடக்கும் அதே நொதியைத்தான் நம்ப வேண்டும். ஃபோலினிக் அமிலத்துக்கு அந்த நொதி தேவையில்லை, அடைப்பைத் தாண்டி இறங்கிக்கொள்ளும். ஒரே ஒரு எழுத்துத் தொகுதிதான் வித்தியாசம், மருந்து எடுத்துக் கொடுக்கும் அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடக்கூடிய பெயர்கள்.

பல வருடங்களாக மாணவர்களிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: மருந்து போன பிறகு அந்த செல் எப்படி மீண்டு வரும்? எங்கே வேலை செய்கிறது, எதைத் தடுக்கிறது என்று எல்லோரும் படித்துவிடுகிறீர்கள். மீள்வதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நோயாளிக்குத் தேவைப்படும் பதில்களில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 15 முதல் 20 நிமிடம். அப்படியானால் அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள், முந்தைய நாள் நிறுத்தினால் போதாதா என்று ஒருவர் கேட்டால் அரைவாழ்வைத் தெரிந்துவைத்திருப்பதால் பயனில்லை. ஆஸ்பிரின் தன் அசிட்டைல் தொகுதியை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட உதவும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியில் இருக்கும் செரின் என்ற ஒரு அமினோ அமிலத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது, அந்த நொதி அதோடு முடிந்தது. மற்ற செல் என்றால் மரபணுவைப் படித்துப் புது நொதி செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை. அதனால் அது சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாட்கள்வரை, அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கும். மஜ்ஜை தினமும் புதிய தட்டணுக்களை அனுப்பி அனுப்பித்தான் நிலைமை சரியாக வேண்டும். ஆஸ்பிரின், அந்த நொதி வழியாக நடக்கும் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் மருந்தகத்தில் நிற்கும் நமக்கு அதைவிட அதிகம் உதவுவது தட்டணுவுக்கு உட்கரு இல்லை என்று செல் உயிரியலில் படித்த அந்த ஒரு வரிதான்.

இன்னொன்றும் இதிலேயே வருகிறது. இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் முட்டிவலிக்கு இபுபுரோஃபென் கேட்பார். இபுபுரோஃபென் முதலில் போனால் அந்தச் செரினுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அது விலகுவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்தே காணாமல் போயிருக்கும். மாத்திரையை விழுங்கியும் இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்காது. சாதாரண ஆஸ்பிரினை முதலில் சாப்பிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் கழித்து இபுபுரோஃபென், இல்லாவிட்டால் இபுபுரோஃபென் சாப்பிட்டு 8 மணி நேரம் கழித்து ஆஸ்பிரின் என்று இடைவெளி சொல்வது இதனால்தான். தினமும் இபுபுரோஃபென் தேவைப்படுகிறவர் என்றால் மருத்துவரிடம் பேசி வேறு வலிமருந்து பார்ப்பதே நல்லது.

அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் ஏறக்குறைய இதே கதை. இரைப்பையின் அமிலச் சுரப்புச் செல்லில் இருக்கும் புரோட்டான் பம்பில் (அமிலத்தை வெளியே தள்ளும் புரதம்) சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் சுரந்துகொண்டிருக்கும் பம்பை மட்டும்தான், ஏனென்றால் அமிலம் பட்டால்தான் மருந்து செயல்படும் வடிவமாக மாறும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்: உணவு வந்து பம்புகளை எழுப்பும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் குருணைகளை நசுக்காதீர்கள் என்பதும் அதே வேதியியல்: பூச்சு போய்விட்டால் இரைப்பை அமிலத்திலேயே மருந்து மாறி வீணாகிவிடும்.

பாராசிட்டமாலில்தான் நான் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை, காய்ச்சலுக்கு ஒன்று, முதுகுவலிக்கு இன்னொன்று என்று மூன்று பெயர்களில் ஒரே பாராசிட்டமாலைச் சாப்பிட்டுக்கொண்டு வருகிறவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதுவும் காய்ச்சலில் நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாதவர்கள். கல்லீரல் இதன் பெரும்பகுதியை குளூக்குரோனைடு, சல்ஃபேட் சேர்த்து நல்லபடியாக வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் சைட்டோகுரோம் நொதிகள் வழியாக என்ஏபிக்யூஐ என்ற மோசமான பொருளாகிறது. அதை உடனே பிடித்துச் செயலிழக்கச் செய்ய குளூட்டாதையோன் தயாராக நிற்கும். குளூட்டாதையோன் என்பது குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி. அளவு மீறினால் சல்ஃபேட் வழி நிரம்பிவிடும், சைட்டோகுரோம் வழியில் அதிகம் போகும், குளூட்டாதையோன் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் அந்தப் பொருள் செல்லின் சொந்தப் புரதங்களில், முக்கியமாக மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில், போய் ஒட்டிக்கொள்ளும். பட்டினி கிடப்பவருக்கும் நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவருக்கும் குளூட்டாதையோன் இருப்பே குறைவு, அதனால் ஆரோக்கியமான பெரியவருக்குச் சொல்லும் நாளொன்றுக்கு 4 கிராம் உச்சவரம்பை அவர்களிடம் யோசிக்காமல் ஒப்பிக்கக் கூடாது.

முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள்ளே செல்கள் செத்துக்கொண்டிருக்கும், பரிசோதனையில் அது பளிச்சென்று தெரிவது அடுத்த ஒன்றிரண்டு நாளில். முறிமருந்தான என்-அசிட்டைல் சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகக் காப்பாற்றும். ஏன் குளூட்டாதையோனையே கொடுப்பதில்லை? செல் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. தட்டுப்பாடாக இருப்பது சிஸ்டீன். அதை உள்ளே சேர்த்துவிட்டால் மீதியை செல்லே செய்துகொள்ளும். அதனால் அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

சிவப்பணுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆக்சிஜனேற்றத்திலிருந்து தப்பிக்கத் தேவையான என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு, குளுக்கோஸை உடைக்கும் பென்டோஸ் பாஸ்பேட் பாதையிலிருந்து மட்டும்தான் வந்தாக வேண்டும். அந்தப் பாதையின் முதல் நொதியான ஜி6பிடி குறைவாகப் பிறந்த ஒருவருக்கு மலேரியா மருந்தான ப்ரைமாகுவின் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். 1956இலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் பாதை அது, மருந்துச்சீட்டில் ப்ரைமாகுவினோ தொழுநோய் மருந்தான டாப்சோனோ பார்க்கும்போதும் அதே பாதை ஞாபகம் வர வேண்டும்.

எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். சுழற்சிகளை முழுதாக வரையத் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் வரைந்து முடித்ததும் அதில் எந்த இடத்தில் எந்த மருந்து கைவைக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள், அப்புறம் அந்த செல்லுக்கு உட்கரு இருக்கிறதா, மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரிகிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மருந்து போதும்.

இன்றைக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை எடுத்துக்கொள்ளலாம். அது ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் உறைகாரணிகளை (ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள்) தொடுவதே இல்லை. கல்லீரல் செல்லில் வைட்டமின் கே மறுசுழற்சியை நிறுத்தி, புதிதாக வரும் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்தாம் காரணிகளைச் செயலற்றவையாக வெளியே அனுப்ப வைக்கிறது, அவ்வளவுதான். பழைய காரணிகள் தாமாகத் தீர வேண்டும். ஏழாம் காரணியின் அரைவாழ்வு சுமார் 6 மணி நேரம், அதனால் ஓரிரு நாளிலேயே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறத் தொடங்கி மருந்து வேலை செய்வதுபோலத் தோன்றும். இரண்டாம் காரணியான புரோத்ராம்பினுக்கு அது சுமார் 60 மணி நேரம், அது போதுமான அளவு குறைய ஐந்து நாளாவது ஆகும். காலில் ரத்தக் கட்டியோடு வந்தவருக்கு அதுவரை, உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசியையும் சேர்த்துப் போடுவது இதற்காகத்தான், "மாத்திரைதான் ஆரம்பிச்சாச்சே, இன்னும் ஊசி எதுக்கு, நிறுத்திடலாமா?" என்று அவர் உங்களிடம் கேட்கும்போது சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.