ஏரியைக் காக்க ஒரு கடலையே காவல் காத்த நாடு

பனாமா கால்வாய் என்றதும், மண்ணை வெட்டி இந்தக் கடலின் தண்ணீரை அந்தக் கடலில் சேர்த்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சூயஸ் அப்படிப்பட்டது. பனாமாவில் கப்பல் மேலே ஏறி, ஓர் ஏரியைக் கடந்து, மறுபக்கம் இறங்குகிறது.

அட்லாண்டிக் பக்கம் காத்தூனில் மூன்று அடுக்காகத் தொட்டிகள். கப்பல் உள்ளே வந்ததும் பின்னால் இரும்புக் கதவு மூடிக்கொள்ளும். மேலேயிருக்கும் தண்ணீரை அடியிலுள்ள குழாய்கள் வழியே திறந்துவிட்டால் தொட்டி நிரம்பும், கப்பலும் கூடவே உயரும். பம்பு எதுவும் கிடையாது, எல்லாம் புவியீர்ப்பின் வேலை. மூன்று படி ஏறினால் கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே காத்தூன் ஏரி, சாக்ரெஸ் ஆற்றை அணைகட்டித் தடுத்து உண்டாக்கியது. ஒரு கப்பல் கடந்துபோக சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது.

இதற்கு முன் முயன்ற பிரெஞ்சுக்காரர்கள் கடல்மட்டத்திலேயே வெட்டப் பார்த்து, காய்ச்சலுக்கும் நிலச்சரிவுக்கும் 20,000 பேருக்கு மேல் பலிகொடுத்துவிட்டு 1889இல் கைவிட்டார்கள். பிறகு வேலையை எடுத்துக்கொண்ட அமெரிக்கா 1906இல் கேட்ட நிபுணர் குழுவில்கூடப் பெரும்பான்மை கடல்மட்டக் கால்வாய்க்குத்தான். சாக்ரெஸ் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்திருந்த தலைமைப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ் விடாமல் வாதாடி, ஏரித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கினார்.

பொறியியலில் அது சரியான முடிவு. ஆனால் அதற்குள் ஓர் அரசியல் சிக்கல் ஒளிந்திருந்தது. அணையோ மேல்கதவுகளோ உடைந்தால் ஏரி கடலில் வடிந்துவிடும், பிறகு மழை பெய்துதான் நிரம்ப வேண்டும். அப்படியானால் எதிரியின் கப்பல் பக்கத்திலேயே வரக்கூடாது. ‘பக்கம்’ என்றால் எதுவரை? வாஷிங்டன் அதற்குக் கண்ட விடை, கரீபியன் கடல் முழுவதும்.

கால்வாய் ஆசைக்கு உரமிட்டது 1898ஆம் ஆண்டு ஸ்பெயினுடனான போர். சான் பிரான்சிஸ்கோவில் நின்ற ‘ஓரிகன்’ போர்க்கப்பல், தென் அமெரிக்காவைச் சுற்றி ஃபுளோரிடா வந்துசேர இரண்டு மாதத்துக்கு மேலானது. பனாமா அப்போது கொலம்பியாவின் ஒரு பகுதி. 1903இல் கொலம்பிய செனட் அமெரிக்காவுடனான கால்வாய் ஒப்பந்தத்தை நிராகரித்தது. நவம்பர் 2 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ‘நாஷ்வில்’ பனாமாவின் அட்லாண்டிக் கரையிலுள்ள கொலோன் துறைமுகத்துக்கு வந்தது, மறுநாள் பனாமாவில் கிளர்ச்சி. ரயில் நிர்வாகத்திலிருந்த அமெரிக்கர்கள் கொலோனில் வந்திறங்கிய கொலம்பியத் தளபதிகளை மட்டும் முதலில் பனாமா நகருக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டு, சிப்பாய்களைக் கொலோனிலேயே நிறுத்திவிட்டார்கள். கிளர்ச்சியாளர்கள் தளபதிகளைப் பிடித்துக்கொள்ள, புதிய நாடு பிறந்துவிட்டது!

அதைவிட வேடிக்கை நவம்பர் 18இல் நடந்தது. புதிய நாட்டின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பூனோ வாரியா என்ற பிரெஞ்சுக்காரர், பழைய பிரெஞ்சுக் கால்வாய் நிறுவனத்தின் பங்குதாரர். பனாமாவின் தூதுக்குழு வாஷிங்டன் வந்து இறங்குவதற்குள் காரியம் முடிந்திருந்தது. ஒரு கோடி டாலருக்கும் வருடாந்தரத் தொகைக்கும் ஈடாக, 16 கிலோமீட்டர் அகலப் பட்டை காலவரம்பின்றி அமெரிக்கா வசமானது.

அப்புறம் காவல் வேலை தொடங்கியது. இந்தப் பகுதி நாடுகளுக்குக் கடன் கொடுத்த ஐரோப்பியர்கள் வசூல் சாக்கில் போர்க்கப்பல் அனுப்பி, கால்வாய்க்கு அருகே கால் ஊன்றிவிடுவார்களோ என்ற பயம். 1904இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், லத்தீன் அமெரிக்க நாடுகளை ஒழுங்குபடுத்தும் போலீஸ் வேலையை அமெரிக்காவே செய்யும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே டொமினிக்கன் குடியரசின் சுங்க வசூல் அமெரிக்கர் கைக்குப் போனது. 1912இல் நிகராகுவா, 1915இல் ஹைத்தி, 1916இல் டொமினிக்கன் குடியரசு என்று படைகள் இறங்கின. வேறு யாரும் போட்டிக் கால்வாய் வெட்டிவிடக் கூடாது என்று நிகராகுவாவின் கால்வாய் உரிமைக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். டென்மார்க்கிடமிருந்து விர்ஜின் தீவுகளை 1917இல் வாங்கினார்கள். கால்வாய் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், வங்கிகளின் லாபமும் சர்க்கரை வியாபாரமும் இருந்தன. ஆனால் வரைபடத்தில் இந்த இடங்களைக் குறித்துப் பாருங்கள், பல இடங்கள் பனாமாவுக்குப் போகும் கடல்வழியை ஒட்டியே அமைந்திருக்கும்.

பயம் வெறும் கற்பனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில், விமானங்களைச் சுமக்கும் ஜப்பானிய ராட்சத நீர்மூழ்கிகள் காத்தூன் கதவுகளைத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தன. போர் முடிவை நெருங்கியதால் திட்டம் கைவிடப்பட்டது.

அன்று கட்டிய தொட்டியின் அகலம் 33.5 மீட்டர். அமெரிக்கக் கடற்படை கேட்டதால்தான் அவ்வளவு அகலம். அதற்குள் நுழைய வேண்டுமென்றே ‘அயோவா’ வகைப் போர்க்கப்பல்களை 33 மீட்டரில் நிறுத்தினார்கள். 1945இல் வந்த ‘மிட்வே’ வகை விமானந்தாங்கிகள் நுழையவே முடியாத அளவு. கப்பல்கள் தொட்டியை மீறிய பிறகு இரு பெருங்கடல்களிலும் தனித்தனியே பலமான படை வைத்துக்கொள்வதுதான் வழி. ராணுவக் கணக்கில் கால்வாயின் மதிப்பு மெல்லச் சரிந்தது.

பனாமாக்காரர்களின் கோபமோ ஏறிக்கொண்டே போனது. 1964 ஜனவரியில், கால்வாய்ப் பகுதியில் தங்கள் கொடியை ஏற்றச் சென்ற மாணவர்களோடு மூண்ட மோதல் கலவரமாகி இருபதுக்கும் மேற்பட்ட பனாமாக்காரர்கள் இறந்தார்கள். 1977இல் கால்வாயைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் பனாமாவின் தலைவர் டோரிஹோஸும் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க செனட்டில் அது தேறியது 68க்கு 32 என்ற கணக்கில். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்பதால், இரண்டு ஓட்டு குறைந்திருந்தால் தோற்றிருக்கும். 1999 டிசம்பர் 31இல் கால்வாய் பனாமா கைக்கு வந்தது. ஆனால் அதன் நடுநிலையைக் காக்கும் உரிமையை அமெரிக்கா தன்னிடமே வைத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்பு உரையிலேயே கால்வாயைத் திரும்ப எடுப்போம் என்றபோது பனாமா பதறியதில் ஆச்சரியமில்லை. அதற்கு முன்பே 2023 வறட்சியில் ஏரி வற்றி, வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல்கள்வரை கடக்கும் இடத்தில் 24ஐ ஒட்டிக் குறைத்திருந்தார்கள். இப்போது கால்வாய்க்குத் தண்ணீர் சேர்க்க இந்தியோ என்ற ஆற்றில் இன்னோர் அணை கட்டப் பனாமா திட்டமிடுகிறது. அந்த ஆற்றோர மக்கள் எதிர்க்கிறார்கள்.